கரைக்குக் கீழே முதல் வீடு

ஜான்ஸ்டவுன் என்ற அமெரிக்க நகரத்தை நான் பார்த்ததில்லை. சீனாவில் இருக்கும் சுயிபிங் என்ற வட்டத்தையும் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் பிறந்து, பாசனத் துறையில் பொறியாளராக வேலை செய்து, பாளையங்கோட்டையிலேயே ஓய்வு பெற்றவன் நான். தெற்கே கன்னியாகுமரி, வடக்கே சென்னை, அதற்கு அப்பால் போனதில்லை. ஆனாலும் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் அந்த இரண்டு இடங்களின் படத்தையும் இப்போதே வரைந்துவிடுவேன். ஆறு எங்கே திரும்புகிறது, மலை எங்கே நெருங்கி வருகிறது, அணை எவ்வளவு உயரத்தில் இருந்தது, கீழே யார் குடியிருந்தார்கள் என்பது வரைக்கும் மனப்பாடம்.

போன மாதம் ஷீபா போனில் கூப்பிட்டாள். என்னிடம் உதவிப் பொறியாளராக வந்து சேர்ந்தவள், இப்போது உதவிச் செயற்பொறியாளர். குளங்களில் நீர்மட்டம் காட்டும் கருவி பொருத்துகிறார்களாம். தண்ணீர் ஏறினால் கருவியே அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். கீழே குடியிருப்பவர்களின் செல்போன்களில் எச்சரிக்கை மணி அடிக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, நீங்கள் எங்களுக்குச் சொன்ன அந்த இரண்டு ஊர்க் கதையை வந்து சொல்லுங்கள் சார் என்றாள். போனேன், சொன்னேன். ஆனால் அந்த வகுப்பில் நான் உறுதியாகச் சொன்ன ஒரு விஷயம் தவறு என்று பிறகு தெரியவந்தது. அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் செயற்பொறியாளராக இருந்தவர் வேலாயுதம். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. மழை பெய்தாலும் குடையை விரிக்க மாட்டார், கரையில் குத்திப் பார்க்கத்தான் அது. அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குளத்தைப் பார்வையிட வந்தால் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒரு கேள்வி கேட்பார்.

"தானியேல், கரைக்குக் கீழ முதல் வீடு யாரு வீடு?"

முதல் தடவை எனக்குப் பதில் தெரியவில்லை. கரையின் நீளம், அகலம், மடைகள் எத்தனை, நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் மறுகால் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். அவர் ஜீப்பின் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கீழே இறங்கிப் போய் அந்த வீட்டில் விசாரித்து, வீட்டுக்காரர் பெயர், பிள்ளைகள் எத்தனை, நடக்க முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் கரையைப் பார்த்தார்.

அவரிடம் கற்ற இன்னொன்று கண்ணாடிப் புட்டி. நம் பக்கத்துக் குளங்கள் எல்லாம் மண் கரை. தண்ணீர் நிறைந்து நின்றால் கரையின் அடிவாரத்தில் எங்காவது கசியத்தான் செய்யும். கசிவைக் கண்டு பயப்படக் கூடாது, அலட்சியமும் கூடாது. ஒரு புட்டியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் கரை தண்ணீரை மட்டும் விடுகிறது, பொறுக்கலாம். கலங்கலாக இருந்தால் கரை தன்னையே கரைத்து அனுப்புகிறது. அப்போது யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கீழே இருக்கும் ஆட்களை வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் எல்லோருடைய பையிலும் ஒரு புட்டி இருக்கும். என் மனைவி ஊறுகாய் புட்டியைக் கழுவித் தந்திருந்தாள்.

சாயங்காலங்களில், பயணியர் மாளிகை வராந்தாவில், வேலாயுதம் எங்களுக்கு ஜான்ஸ்டவுனை வரைந்து காட்டுவார். பென்சில்வேனியாவில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஊர். ஒரு கை அகலத்துக்குத்தான் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. இரும்பாலையை நம்பி வளர்ந்த ஊர். மேலே மலைக்குள் ஒரு மண் அணை. கால்வாயில் படகு விடுவதற்காகக் கட்டியது. ரயில் வந்த பிறகு படகுக்கு வேலை இல்லை, அணை கைமாறியது. நடுவில் வாங்கிய ஒருவர் அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். அடுத்து வாங்கியது பணக்காரர்களின் மீன்பிடி சங்கம். குதிரை வண்டிகள் போய்வர வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிப் போகாமல் இருக்க மறுகாலில் கம்பி வலை போட்டார்கள்.

"நம்ம ஊருல ஆகாயத்தாமர அடைக்கிற மாதிரி, அங்கன வலை அடைச்சுது" என்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பெருமழை நாளில் அணை உடைந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எச்சரிக்கை போகாமல் இல்லை. காலையிலிருந்தே தந்தி போனது. ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் அணை உடையப்போகிறது என்று அந்த ஊரில் பேச்சு வரும், உடையாது. அன்றைக்கும் அப்படித்தான் என்று பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நடந்தால் ஏறிவிடக்கூடிய தூரத்தில் மலை இருந்தது. பிறகுதான் மலைமேல் ஏற ஒரு சாய்வு ரயில் கட்டினார்கள். அடுத்த தலைமுறையில் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறிப் பிழைத்தார்களாம்.

சுயிபிங் பிற்பாடு வந்து சேர்ந்தது. வடக்கே ஒரு பயிற்சிக்குப் போயிருந்த வேலாயுதம் அங்கே சீனப் பொறியாளர் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். திரும்பி வந்ததும் இன்னொரு படம் வரைய ஆரம்பித்தார். நம்முடைய நாங்குநேரி வட்டம் மாதிரி அதுவும் ஒரு வட்டம். மேற்கே மலை, கிழக்கே கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. கோதுமை, எள். ரூ என்ற ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அணை பக்கத்து வட்டத்தில், மேலே. எழுபதுகளின் நடுவில் ஒரு புயல் கடலோரத்தோடு ஓயாமல் உள்நாட்டுக்குள் வந்து நின்றுகொண்டது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்துவிட்டன. மதகைத் திறக்கலாமா என்று கேட்ட கேள்வியும் போய்ச் சேரவில்லை, பதிலும் வரவில்லை. அணைக்கு நேர் கீழே இருந்த ஊரில் பெரும்பாலோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள், பிழைத்தார்கள். அதற்கும் கீழே, சுயிபிங் வட்டத்துக்குள் இருந்த வென்செங் என்ற இடத்துக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஏறக்குறைய பாதிப்பேர் போய்விட்டார்கள். இப்படி ஒன்று நடந்ததே வெளி உலகத்துக்கு வெகுகாலம் தெரியாது.

ஜான்ஸ்டவுனில் சொன்னார்கள், நம்பவில்லை. சுயிபிங்கில் நம்பியிருப்பார்கள், சொல்லவில்லை. வேலாயுதம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆள் சாவதற்கு இந்த இரண்டு வழிதான் இருக்கிறது என்பார். நாங்களும் அதை அப்படியே நம்பினோம்.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து எனக்கு நாங்குநேரிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவில் ஒரு பாசனப் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. வறண்ட பூமி. குளங்கள் சங்கிலி மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கும். மேலே உள்ள குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் வரும். அதில் கடைசிக் குளத்தின் பெயரை எழுதவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அதன் கரைக்குக் கீழே முதல் வீடு பேச்சியம்மாளுடையது.

மண் சுவர், ஓட்டுக்கூரை. முன்கூடத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். கணவர் சுடலைமுத்து கொத்தனாருக்குக் கையாளாகப் போவார், ரோஷக்காரர், அதிகம் பேச மாட்டார். ஒரே மகள் செல்வி. நான் போகும்போதெல்லாம் பேச்சியம்மாள் எழுந்து நிற்பாள், உட்காரும்மா என்றால்தான் உட்காருவாள். குளத்தைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுவாள். "நெறஞ்சு நிக்கும்போது பாக்க நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள்.

ஒரு கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. காலையில் கரையை நடந்து பார்த்தோம். எங்கள் முறைப்படி ஒருவர் கரைமேல், ஒருவர் அடிவாரத்தில். அடிவாரத்தில் நடந்தது நான். நடுமடைக்குப் பக்கத்தில் ஊற்று மாதிரி தண்ணீர் கொப்பளித்தது. புட்டியில் பிடித்துத் தூக்கினேன். செம்மண் கரைத்த தண்ணீர். புட்டிக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரியவில்லை.

உடனே ஆட்டோவில் மைக் கட்டி, கரைக்குக் கீழே இருந்த கீழத்தெரு முழுவதையும் வெளியேறச் சொன்னேன். அன்றைக்குச் செல்விக்கு நிச்சயதாம்பூலம். சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். வாசல் பந்தலில் மழைத்தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதும் பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பட்டுச்சேலையோடு இருந்த செல்வியின் கையைப் பிடித்து, கம்பெனி கொடுத்திருந்த பீடி இலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கணவரையும் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனிலேயே திரும்பிப் போனார்கள்.

அதன் பிறகு பொழுது சாயும் வரைக்கும் மேட்டில் இருந்த மேலத்தெரு ஆட்களோடு கரையில் கிடந்தோம். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே சரளையும் மணலும் கொட்டினோம். தண்ணீர் வெளியேறலாம், மண் வெளியேறக் கூடாது, அதுதான் கணக்கு. இன்னொரு கூட்டம் மறுகாலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் ஆகாயத்தாமரையை அரிவாளால் அறுத்து இழுத்துப் போட்டது. மறுகால் திறந்துகொண்டது. சாயங்காலம் மறுபடியும் புட்டியில் பிடித்தேன். தெளிந்திருந்தது. எங்கள் துறையில் மடை பார்க்கும் லஸ்கர் ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட நிமிஷம் அது.

கரை நின்றது. அதுதான் வினையாக முடிந்தது.

மூட்டை அடுக்கியவர்கள் மேலத்தெருக்காரர்கள். அவர்களுக்குத் தெரியும், கரை எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்று. கீழத்தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் ஒழுகும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அறிந்ததெல்லாம், இன்ஜினியர் உடையும் என்றார், உடையவில்லை. பேச்சியம்மாளின் பீடி இலை நனைந்து வீணானது, கம்பெனிக் கடைக்காரர் சில வாரங்களுக்கு இலை கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார், நிச்சயத்தன்றைக்கே வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று, சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுடலைமுத்து சாத்தான்குளத்துக்குப் போய் அவர்கள் வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே கூப்பிடவில்லையாம். டீக்கடையில் என்னைப் பார்த்தபோது எழுந்து போய்விட்டார். உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர், தேவையில்லாமல் பீதி கிளப்பினார் என்று என்மேல் மனு கொடுத்தார்கள். மேலதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். கீழத்தெருவுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ஆட்களை எப்படி வெளியேற்ற வேண்டும் என்பதற்கு எங்களிடம் முறை இருந்தது. வெளியேறியவர்கள் திரும்பி வந்த பிறகு அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு முறையும் இல்லை.

அடுத்த வருடம் மறுபடியும் மழை. இந்தத் தடவை எங்கள் கரையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலே இருந்த பெரிய குளத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டது, அது தாங்காது என்று காலையிலேயே செய்தி வந்தது. அது உடைந்தால் அவ்வளவு தண்ணீரும் எங்கள் குளத்தில்தான் விழும். மைக்கை அனுப்பிவிட்டு, நானே பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் நின்றாள். செல்வி பின்னால் நின்றாள். உள்ளே கட்டிலில் சுடலைமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது தெரிந்தது.

"உடனே கிளம்பணும்மா. மேல் குளம் போகுது."

 அவள் வழக்கத்தைவிட உரக்கச் சொன்னாள். "போன தடவையும் இப்படித்தான் சொன்னிய சார்."

"போன தடவை நாங்க மூட்டை அடுக்கி நிப்பாட்டுனோம். இந்தத் தடவை அடுக்குறதுக்கு ஒண்ணுமில்ல. ஜீப் நிக்கி, மூணு பேரும் ஏறுங்க."

அவள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பிள்ளைய அனுப்புதேன். நீங்க மத்த வீட்டுக்குப் போங்க சார். சின்னப்பிள்ளை உள்ள வீடுல்லாம் கெடக்கு."

செல்வியை ஜீப்பில் ஏற்றினேன். பக்கத்து வீடுகளைத் தட்டிக்கொண்டே போனேன். வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்கள் சிலர் இருந்தார்கள். இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பியபோது மேற்கே சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுவது மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை. நண்பகலுக்குள் எங்கள் கரையும் போய்விட்டது. சுடலைமுத்துவை ஒரு உடைமரத்தில் உயிரோடு கண்டெடுத்தார்கள். பேச்சியம்மாள் மறுநாள் வயலில் கிடைத்தாள். கீழத்தெருவில் அன்றைக்குப் போன ஒரே உயிர் அவளுடையது. அதை ஒரு சாதனை மாதிரி அறிக்கையில் எழுதினார்கள்.

விசாரணை நடந்தது, என்மேல் தவறில்லை என்றார்கள். வேலாயுதம் அப்போது பெருமாள்புரத்தில் மகன் வீட்டில் இருந்தார். கேள்விப்பட்டு, அந்த வயதில் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார்.  கிளம்பும்போதுதான் சொன்னார்.

"சொல்லாம விட்டுறக் கூடாதுன்னே உங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்வே. சொன்னது நடக்காம போனா மறுநாள் என்ன செய்யணும்னு நான் சொல்லித் தரல. எனக்கும் தெரியாது."

அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அன்றைக்கு வாசலில் செருப்பைப் போடத் தடுமாறிக்கொண்டே அவர் அதைச் சொன்ன குரல் இன்னும் கேட்கிறது.

போன மாத வகுப்புக்கு வருகிறேன். இரண்டு ஊர்களையும் பலகையில் வரைந்தேன். பிறகு பேச்சியம்மாள் கதையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, அந்த அம்மா ஏன் சார் போகவில்லை என்று கேட்டாள். ஜான்ஸ்டவுன் படத்தைக் காட்டி, இதே காரணம்தான், முந்தின எச்சரிக்கை பலிக்கவில்லை, அதனால் இரண்டாவதை நம்பவில்லை என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஷீபாவும் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. இத்தனை வருடங்களாக நான் சொல்லிவரும் காரணத்தை அந்த வீட்டில் யாரிடமும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினேன். வெள்ளத்துக்குப் பிறகு கீழத்தெருக்காரர்களுக்கு ரோட்டோரம் மேட்டில் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருந்தது. செல்விக்கு அங்கேதான் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், உங்கள் அம்மா நான் சொன்னதை நம்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"அம்மா நம்புனா சார். நீங்க வாரதுக்கு முன்னாலயே மைக் சத்தம் கேட்டு என் துணிமணியெல்லாம் கட்டி வச்சிட்டா. அப்பாதான் வரமாட்டேன்னுட்டாவ. இன்னொரு தடவ ஊர் முன்னால ஓடிப்போயி நிக்க மாட்டேன், செத்தாலும் இங்கனயே சாவுதேன்னு படுத்துட்டாவ. உங்ககிட்ட அம்மா சத்தமா பேசுனது அப்பாவுக்குக் கேக்கட்டும்னுதான். நீங்க பதில் சொன்னா அதக் கேட்டாவது எந்திரிப்பாவன்னு பாத்தா. எந்திரிக்கல. விட்டுட்டு வர அம்மாவுக்கு மனசு இல்ல."

நான் அந்த வெள்ளத்தன்றைக்கு உள்ளே போய்ச் சுடலைமுத்துவிடம் பேசவில்லை. அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். பேசியிருந்தால் எழுந்திருப்பாரா என்றும் தெரியாது. ஜான்ஸ்டவுனிலும் இப்படி எத்தனை பேர் வீட்டில் இருந்தார்களோ. நம்பாதவர்கள் என்று ஒரே வார்த்தையில் அவர்களை எழுதி வைத்திருக்கிறோம். படுத்திருக்கும் ஒருவரை விட்டுவிட்டு வர முடியாமல் நின்றவர்கள் அதில் எத்தனை பேர் என்று யார் கேட்டார்கள்?

ஊர் திரும்பியதும் ஷீபாவுக்குப் போன் செய்து, வகுப்பில் சொன்னது தவறு, அந்தப் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடு என்றேன். சொல்லிவிடுகிறேன் சார் என்றாள்.

அன்றைக்குச் செல்வி வீட்டிலிருந்து கிளம்ப எழுந்தபோதுதான் உள்ளே இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுடலைமுத்து. நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். முடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்.

"சார் வெறும் வயித்தோட போறாவ பாரு. காப்பி போடு."

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் தன் நாற்காலியை இருட்டிலிருந்து கொஞ்சம் என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.